அத்தை போட்ட பாட்டு

என் அத்தை ஒரு சலவைக்கூடத்தில் துணி மடிப்பவள். விடுதிகளிலிருந்து வரும் விரிப்புகளைத் துவைத்து அனுப்புகிற இடம் அது. ஆளுக்கொரு மேசை. பக்கத்து மேசைக்காரியை எல்லோரும் ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள். தோள்வலியால் அவளால் கையை உயர்த்த முடியாது. அவள் மேசையில் மட்டும் துணி மலையாகக் குவிந்து கிடக்கும்.

அத்தை தன் செல்போனில் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் போடுவாள். "வலிக்குதுன்னு சொல்லிடு, என் கை சும்மாதான் இருக்கு" என்று அதில் ஒரு வரி. முதலில் எல்லோரும் கேலியாகத்தான் பாடினார்கள். "என் கை சும்மாதான் இருக்கு, குடுடி" என்று ஒருத்தி ஆமையின் குவியலிலிருந்து ஒரு கட்டுத் துணியை அள்ளிக்கொண்டு போனாள். போகப் போக அது வழக்கமாகிவிட்டது. அந்த வரி வந்ததும், கை சும்மா இருப்பவர்கள் ஆமையின் மேசைக்கு வந்துவிடுவார்கள்.

ஒருநாள் சூப்பர்வைசர் அத்தையிடம் வந்து, "இப்பல்லாம் வேலை சீக்கிரம் முடியுதே, எப்படிம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அத்தைக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் அந்தப் பாட்டுதான் சார். நம்ம ஆமையோட துணியக்கூட நாங்களே மடிச்சிடறோம்."

மறுவாரம் ஆமையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அத்தை சூப்பர்வைசரிடம் ஓடினாள்.

"நீங்கதானேம்மா சொன்னீங்க, அவங்க வேலையையும் நீங்களே செய்றீங்கன்னு? அப்புறம் அந்த மேசை எதுக்கு?"

"நான் நல்லதுன்னு நெனச்சு சொன்னேன் சார்."

"நல்லதுதான். பாட்டை நிறுத்திடாதீங்க."

அன்று மாலை நானும் அத்தையோடு ஆமையின் வீட்டுக்குப் போனேன். அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"உள்ள வான்னுகூடச் சொல்ல மாட்டியா?" என்றாள் அத்தை.

"வந்து என்ன பண்ணப் போற? போய் மடி. என் துணியும் சேத்து மடிக்கணுமே."

"சத்தியமா அவன் இப்படிப் பண்ணுவான்னு தெரியாதுடி."

"உதவி பண்ணா ஊருக்குச் சொல்லாதேன்னு உன் பாட்டுல ஒரு வரி இல்லையா?"

கதவு மூடிக்கொண்டது.

மறுநாள் எதிர்மேசைப் பெண் காய்ச்சலோடு திணறியிருக்கிறாள். அத்தை தன் துணியை முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். உதவினால் அவள் மேசையும் போய்விடுமோ என்று யாரும் போகவில்லையாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லித்தான் அழுதாள்.