எழுப்பும் கை

இது நடந்தது. நம்பாதவர்கள் என் இடது காதருகே வந்து பேசிப் பாருங்கள். எனக்குக் கேட்காது.

நானும் ஹிருத்தும் விமானப் பணிப்பெண்கள். ஊர் அடிஸ் அபாபா. அமெரிக்காவிலிருந்து இரவெல்லாம் பறந்து, காலையில் மேற்கு ஆப்பிரிக்காவின் லோமே நகரில் இறங்கினோம். மாலையே மறுபடி பறக்க வேண்டும். உடம்பு எந்த ஊர் நேரத்தில் இருக்கிறதென்று உடம்புக்கே தெரியாது. அந்தத் தூக்கம் பாதிச் சாவு. அலாரத்துக்கெல்லாம் மசியாது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம்: முதலில் விழிப்பவர் மற்றவரை அறைந்து எழுப்பலாம். கோபிக்கக் கூடாது.

ஓட்டலில் ஒரே அறை, இரண்டு கட்டில். துணி மாட்டும் கிளிப்பால் திரைச்சீலைகளைச் சேர்த்து இறுக்கிவிட்டேன். பட்டப்பகலில் கும்மிருட்டு.

"இந்தத் தடவை மெதுவா அடி, சியோன்," என்றாள் ஹிருத். "போன மாசம் வாங்கினதே இன்னும் வலிக்குது."

"நீ பொணம் மாதிரி தூங்கினா நான் என்னடி பண்றது?"

சிரித்தபடியே தூங்கிப்போனோம்.

பளார்.

கன்னம் எரிந்தது. ஹிருத்தான்...

"எழுந்துட்டேன்டி."

பளார்.

"ஏய், போதும்."

நிற்கவில்லை. அந்தக் கை என் முடியைப் பிடித்துத் தலையைக் கட்டில் சட்டத்தில் மோதியது. இடது காதுக்குள் ஏதோ கிழிந்தது. பெரிய கை... மோதிரம் போட்ட கை...

ஹிருத் மோதிரம் போடுவதில்லை.

உருண்டு விழுந்து திரையை இழுத்தேன். கிளிப் தெறித்தது. வெயில் கொட்டியது. மணி ஒன்று இருபது.

யாருமில்லை.

பளார்... பளார்...

ஹிருத்தின் தலை தலையணையில் இப்படியும் அப்படியும் திரும்பிக்கொண்டிருந்தது. மூக்கில் ரத்தம். கண் திறக்கவில்லை. அடி மட்டும் விழுந்தது. கை இல்லை.

அவள்மேல் விழுந்து மறைத்தேன். அடிகள் என் முதுகில் இறங்கின. அவள் கால்களைப் பிடித்து இழுத்தேன். வாசலைத் தாண்டியதும்...

நின்றது.

ஹிருத் கண் திறந்தாள். "இப்படியா அடிப்பே?" என்று அழுதாள்.

மருத்துவமனைக்கு எங்கள் விமானி தெக்லு வந்தார். அறை எண்ணைச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ரூமை நம்ம ஆளுங்களுக்குக் குடுக்காதீங்கன்னு ஓட்டல்காரங்ககிட்ட சொல்லியிருந்தேனே, தங்கச்சி."

பல வருடம் முன்பு எங்கள் பணியாளர் இருவர் அங்கே தங்கினார்களாம். ஒருவன் எழவில்லை. மற்றவன் அறைந்துகொண்டே இருந்தான். கதவை உடைத்துப் போனபோதும் அறைந்துகொண்டிருந்தான்.

"தூக்கத்துலயே செத்துட்டான்னுதான் நாங்க நினைச்சோம். டாக்டர் இல்லன்னுட்டார். அடியிலதான் உயிர் போச்சாம்."

"அடிச்சவர்?"

"ஜெயில்ல தூக்கு மாட்டிக்கிட்டான். கடைசிவரைக்கும் ஒண்ணேதான் சொல்லிட்டிருந்தான்... 'என்னை விடுங்க. அவன் இன்னும் எந்திரிக்கல'ன்னு."