முப்பத்தொன்றாம் எண்

ஞானசெல்வி வேலைக்குச் சேர்ந்தபோது அந்தக் கண்டெய்னர் யார்டில் மொத்தமே பதினோரு கம்ப்யூட்டர்கள்தான். டேட்டா என்ட்ரிக்கு வந்தவள் அவள். கேபிள் இழுக்க வந்த ஆள் பாதியில் விட்டுவிட்டுப் போனதும், "நீதாம்மா கொஞ்சம் பாரேன்" என்றார் அப்போதைய மேனேஜர். பார்க்க ஆரம்பித்து பதினெட்டு வருஷம் ஆகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, கையில் பிடித்து ஸ்கேன் செய்கிற கருவி என்று எல்லாம் சேர்த்து இருநூற்றுச் சொச்சம். அத்தனைக்கும் அவள் ஒருத்திதான்.

யார்டு மணலி புதுநகரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் இருந்தது. ராயபுரத்தில் ஆறே முக்காலுக்கு பஸ் ஏறினால், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து, எட்டு மணிக்குப் போய்ச் சேரலாம். சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. மெஷின்களுக்காகப் பதினெட்டு டிகிரியில் ஏசி ஓடும். சித்திரை மாசத்திலும் அவள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். யார்டில் எல்லோரும் அவளை "சிஸ்டம் மேடம்" என்பார்கள். ஏதாவது நின்றுபோனால் போன் வரும். சரியானதும் போன் வராது.

வீட்டிலும் பேச்சில்லை. அம்மா அடைக்கலமேரி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. தம்பி பென்னி மஸ்கட்டில். முதலில் வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான், பிறகு மாசத்துக்கு ஒருமுறை, இப்போது கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும். சில நாள் காலையில் கண்டக்டரிடம் "மணலி புதுநகர் ஒண்ணு" என்று கேட்கும்போதுதான், முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வாயே திறக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கும்.

வேலையில் அவளுக்குப் பிடித்த பகுதி எண் கொடுப்பது. நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டர் மற்றதோடு பேச வேண்டுமானால் அதற்கென்று ஓர் எண் வேண்டும். அந்த எண் இன்னொன்றிடம் இருக்கக் கூடாது. ஒரு மெஷின் உயிர் பெற்றதும் முதல் காரியமாக, எனக்கு ஓர் எண் கிடைக்குமா என்று கேபிள் போகும் இடமெல்லாம் கேட்கும். அவளுடைய சர்வர் அதைக் கேட்டு, தன் இருப்பில் காலியாக உள்ள எண்ணில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும். எட்டு நாளைக்குத்தான் அந்த எண் அதற்குச் சொந்தம். தினமும் வந்துபோகிற மெஷின் நடுவிலேயே கேட்டுப் புதுப்பித்துக்கொள்ளும். வராமல் போனால் எட்டு நாள் கழித்து எண் திரும்ப வந்துவிடும், வேறொன்றுக்குப் போகும். அதிகாலை முதல் யார் யார் வந்தார்கள் என்று, எண் வாங்கிய மெஷின்களின் பட்டியலைப் பார்ப்பதில்தான் அவள் நாள் தொடங்கும்.

எடைமேடை, கேட் கேமரா, பெரிய பிரிண்டர் போன்றவற்றை இப்படி விட முடியாது. எல்லோரும் அவற்றை ஒரே இடத்தில் தேடுவார்கள். அதனால் நூறுக்குக் கீழே உள்ள எண்களை அவள் தன் கையாலேயே அந்தந்த மெஷினுக்குள் எழுதி நிலையாக வைத்திருந்தாள். எடைமேடையின் எண் முப்பத்தொன்று.

பிப்ரவரியில் அந்த எடைமேடை தகராறு செய்ய ஆரம்பித்தது. எட்டு மணி ஷிஃப்டுக்கு வரும் வினிதா கம்ப்யூட்டரைப் போடுவாள். ஓடும், ஆனால் நெட்வொர்க்கில் சேராது. எடை போட்ட லாரிக்குச் சீட்டு வராது. பின்னால் லாரிகள் ரோடு வரை நிற்கும்.

"அக்கா, இன்னிக்கும் படுத்துக்கினு கீதுக்கா. டிரைவருங்க கேட்ல ஏறி கத்துறானுங்க."

"ஆஃப் பண்ணிப் போட்டியா?"

"நாலு வாட்டி போட்டாச்சு."

ஞானசெல்வி கேபிளை மாற்றினாள். உள்ளே இருக்கும் நெட்வொர்க் கார்டை மாற்றினாள். பன்னிரண்டரை வரை ஒன்றும் நடக்காது. பிறகு ஒருமுறை ஆஃப் செய்து போட்டால், எதுவுமே நடக்காதது போல வேலை செய்யும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் பன்னிரண்டுக்கே சரியாகிவிட்டது. மேனேஜர் ரவிக்குமார் வந்து ஆறு மாசம்தான் ஆகியிருந்தது. அவர் அவள் அறை வாசலில் நின்று, "மேடம், உங்களால முடியலன்னா சொல்லிடுங்க, வெளியில இருந்து ஆள் கூப்பிடறேன்" என்றார். உள்ளே வரவில்லை.

மறுநாள் காலை அவள் நேராக எடைமேடைக்குப் போனாள். கம்ப்யூட்டரிலிருந்து கேபிளையே பிடுங்கிவிட்டாள். அறைக்குத் திரும்பி, தன் மெஷினிலிருந்து முப்பத்தொன்றைக் கூப்பிட்டுப் பார்த்தாள். வெறும் சோதனைதான், பதில் வரக் கூடாது.

வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாகப் பதில் வந்தது.

பிடுங்கிப்போட்ட கேபிள் இன்னும் எடைமேடைக்குக் கீழே கிடக்கிறது. அந்த எண்ணில் வேறு யாரோ இருக்கிறார்கள். காலையில் முதலில் வந்து எண்ணை எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு வரும் எடைமேடை, இடத்தில் ஆள் இருப்பதைப் பார்த்து ஒதுங்கிக்கொள்கிறது.

ஒவ்வொரு மெஷினுக்கும் பிறக்கும்போதே பொறித்த ஒரு நீளமான அடையாளம் உண்டு. முப்பத்தொன்றில் பதில் சொன்னதன் அடையாளத்தை எடுத்துக்கொண்டு, அது எந்தக் கேபிள் வழியாக வருகிறது என்று தேடினாள். ஷெட் நாலு. அது மூடி மூன்று வருஷம் ஆகிறது.

மதில் ஓரமாக இருபது நிமிஷம் நடந்தாள். எண்ணூர் பக்கமிருந்து சாம்பல் கலந்த காற்று அடித்தது. ஷெட்டின் பெரிய ஷட்டர் துருப்பிடித்து இறங்கியிருந்தது. பக்கத்துச் சின்னக் கதவு திறந்திருந்தது. உள்ளே, காலியான அந்தப் பெரிய கூடத்தின் ஒரு மூலையில், மேஜை போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. எதிரே பழைய தடி மானிட்டர். மஜீது பாய். ஒரு காலத்தில் யார்டுக்குள் வரும் ஒவ்வொரு பெட்டியையும் நேரில் பார்த்துக் குறித்துக்கொண்ட டேலி கிளார்க்.

"பாய்! நீங்க இங்கியா கீறீங்க?"

அவர் எழுந்து நின்றுவிட்டார். "வாம்மா, வாம்மா. உக்காரு." உட்கார இன்னொரு நாற்காலி இல்லை. தன்னுடையதை இழுத்துப் போட்டார். "ஸ்கேனர் வந்திச்சுல்ல, அப்ப இங்க அனுப்ச்சாங்க. காலி ஷெட்டு, பாத்துக்கோ பாய்னாங்க. பாத்துகினு கீறேன்."

"இந்த மெஷின் ஏது?"

"பின்னாடி உடைசல்ல போட்டிருந்தாங்க. ரெண்டு மூணு வாரம் முன்னதான் தொடச்சி, செவுத்துல இருந்த ஒயர சொருகினேன். பொட்டி லிஸ்ட்டு வருது. எது உள்ள வருது, எது வெளிய போவுது, எல்லாம் எழுதி வச்சிக்கிறேன்." தடியான நோட்டு ஒன்றைத் திறந்து காட்டினார். பக்கம் பக்கமாக கண்டெய்னர் எண்கள், அச்சடித்தது போன்ற கையெழுத்தில்.

"யாருக்கு பாய் இது?"

"யாரும் கேக்கல." கொஞ்சம் சிரித்தார். "காலைல நல்லா ஓடுது. தொழுவ போவசொல்லோ ஆஃப் பண்ணிட்டுப் போறேன். வந்து போட்டா வர்றதில்ல. அதுக்கும் வயசாயிருச்சி போலன்னு வுட்டுட்டேன்."

ஞானசெல்வி மானிட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மெஷினை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. எட்டு வருஷத்துக்கு முன் எடைமேடையில் இருந்தது அதுதான். புதியது வந்தபோது இதை எடுத்துப் போட்டவள் அவள். உள்ளே தன் கையால் எழுதிய முப்பத்தொன்றை அழிக்காமலே போட்டிருக்கிறாள். ஷெட் மூடியபோது சுவரில் இருந்த ஒயரை நிறுத்தவும் மறந்திருக்கிறாள்.

"பாய், உங்களாலதான் ரோடு வரைக்கும் லாரி நிக்குது" என்று சொல்ல வாயெடுத்தாள். அவர் தன் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஒரு சின்ன வேல கீது பாய், அஞ்சு நிமிஷம்" என்றாள். நிலையான எண்ணை எடுத்துவிட்டு, சர்வரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி மாற்றினாள். மெஷின் கேட்டது. நூற்று நாற்பத்தாறு கிடைத்தது.

"இனிமே மத்தியானமும் ஓடும்."

"மெய்யாலுமா?" என்றார் மஜீது பாய். அவருடைய கண்ணாடியில் பட்டியல் பளபளத்தது.

ரவிக்குமார் பெயர் கேட்டார். "வேணும்னே யாரோ பண்ணியிருக்காங்க. யாருன்னு எழுதிக் குடுங்க, மேல அனுப்பணும்."

"யாரும் வேணும்னு பண்ணல சார். பழைய மெஷின்ல நம்பரை அழிக்காம வுட்டது நான். ஒயரை நிறுத்தாம வுட்டதும் நான். அத எழுதியிருக்கேன். மஜீது பாய் மெஷினுக்கு இப்ப வேற நம்பர். அவருக்கு அது தேவப்படுது, இருக்கட்டும்."

"யாரு, ஷெட் நாலு பாயா?" ரவிக்குமார் நிஜமாகவே யோசித்தார். "அவரு இன்னும் வேலைல இருக்காரா?"

ஒரு வாரத்தில் ஞானசெல்வியின் மேஜைக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் பெயரை முழுதாக எழுதி வந்த முதல் கடிதம். மடித்து டிராயருக்குள் வைத்தாள்.

அதன் பிறகு மதியச் சாப்பாட்டை ஷெட் நாலுக்கு எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்ள மாட்டார்கள். அவர் ஏதாவது ஒரு பெட்டி எந்தத் துறைமுகத்திலிருந்து வந்தது என்று சொல்வார். அவள் கேட்பாள். அவருடைய டப்பாவில் தால்சா இருக்கும், அவளுடையதில் பெரும்பாலும் மீன் குழம்பு. நாலு மாசம் இப்படிப் போனது. ஜூன் கடைசியில் அவர் ஓய்வு பெற்றார். ஆபீசில் கேக் வெட்டினார்கள், ரவிக்குமார் சால்வை போர்த்தினார். மனைவி இறந்ததிலிருந்து மண்ணடியில் தனியாக இருந்தவரை, ஆம்பூரிலிருந்து மகள் வந்து அழைத்துக்கொண்டு போனாள்.

ஞானசெல்வி சாப்பாட்டை மறுபடி சர்வர் அறையிலேயே சாப்பிட்டாள். காலைப் பட்டியலில் நூற்று நாற்பத்தாறு மட்டும் எட்டு நாள் அப்படியே நின்றது, நாளுக்கு நாள் நேரம் குறைந்துகொண்டே. நினைத்தால் அதை அவருக்கென்றே ஒதுக்கி நிறுத்தி வைத்திருக்கலாம், இரண்டு சொடுக்கு வேலை. செய்யவில்லை. ஒன்பதாம் நாள் அந்த வரி இல்லை. அடுத்த வாரம் கேட்டில் புதிதாக வந்த ஸ்கேனர் ஒன்று அந்த எண்ணை வாங்கிக்கொண்டது.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஞானசெல்வியாம்மா? நான் மஜீது பேசறேன். வூட்ல எல்லாம் கல்யாணத்துக்குப் போய்க்கிறாங்க. இங்க கம்ப்யூட்டர்ல நெட்டு வரலம்மா. எண்ணூர்ல இன்னிக்கு இன்னா கப்பல் வந்துகீதுன்னு பாக்கலாம்னு ஒக்காந்தேன்."

அவள் எதை அழுத்த வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அதுல நம்பர் ஒண்ணு வரும் பாய், படிங்க."

"நூத்தி அறுவத்தொம்போது... எரநூத்தி அம்பத்திநாலு..."

அவளுக்குப் புரிந்துவிட்டது. மெஷின் எண் கேட்டிருக்கிறது. யாரும் பதில் சொல்லவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, தனக்குத்தானே ஓர் எண் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வெளியே யாரையும் எட்ட முடியாது.

"பாய், செவுத்துல சின்ன பொட்டி இருக்கும், லைட்டு எரியுதா?"

நாற்காலி நகரும் சத்தம். இருமல். "ஒயர் கழண்டு கீதும்மா. பெருக்கசொல்லோ இழுத்துக்கினு போயிருக்கும்."

"சொருகிட்டு கொஞ்சம் இருங்க."

இருவரும் காத்திருந்தார்கள். கொடியில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்துகொண்டிருந்தது. பிறகு அவர், "நூத்தித் தொண்ணூத்திரண்டுன்னு மாறிடிச்சி!" என்றார். கப்பல்களின் பெயர்களைத் தடவித் தடவிப் படித்தார், மூன்று கப்பல், ஒன்று நிலக்கரி.

"அப்ப வச்சிடவாம்மா?"

"இருங்க பாய்" என்றாள் ஞானசெல்வி. என்ன கேட்பது என்று யோசித்தாள். "அங்க வெயில் எப்புடி கீது?"

அவர் சொல்ல ஆரம்பித்தார். அவள் காலி பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள்.