விலகி நின்றவர்

சண்டைக் காலத்தில் பழைய கமரா ஒன்றும் சூம் லென்ஸும் வாங்கினேன். பிலிம் கிடைப்பதே கஷ்டம். ஒரு படம்கூட வீணாகக்கூடாது என்று பார்த்துப் பார்த்து எடுப்பேன்.

உப்புவெளிக் கரையில் ஒரு வள்ளத்தை எடுக்கப் போனபோது, வலை திருத்திக்கொண்டிருந்த ஒருவர் குறுக்கே நின்றார்.

"அண்ணை, கொஞ்சம் விலகுங்கோ" என்றேன் எரிச்சலோடு. சிரித்தபடி விலகினார். இன்னும் படத்துக்குள் தெரிந்த மிச்சத்தை லென்ஸைத் திருகி வெட்டினேன்.

இரண்டு கிழமையால் அவருடைய மனைவி என்னைத் தேடி வந்தா. கண்ணெல்லாம் நித்திரையில்லாத களை.

"தம்பி, கடலுக்குப் போன மனுசன் திரும்பி வரேல்லை. பொலிசில படம் கேக்கினம். இடம்பெயரேக்க ஒண்டும் எடுத்துக்கொண்டு வரேல்லை. நீங்கள் தன்னைப் படம் பிடிச்சனீங்கள் எண்டு சந்தோசமாச் சொன்னவர்."

படத்தை எடுத்துக் கொடுத்தேன். வள்ளம் துலக்கமாக இருந்தது. ஓரத்தில் ஒரு முழங்கை மட்டும்.

"முகம் விழேல்லை, அக்கா."

விலகச் சொன்னது நான்தான் என்பதை விழுங்கிவிட்டேன்.

அவ அந்த முழங்கையை உற்றுப் பார்த்தா. "ஓம், இந்தத் தழும்பு அவரின்ரைதான். இதைத் தாங்கோ."

இப்போதும் படம் எடுக்கிறேன். குறுக்கே யாரும் வந்தால், முதலில் அவரை எடுக்கிறேன். வள்ளம் நிற்கட்டும்.