கை கொடுக்கும் தெருநாய்

சென்னையில் என் மகன் வளர்த்த நாய்க்கு என்னைவிட மரியாதை அதிகம். அதன் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். எனக்கும் பிறந்தநாள் உண்டு என்பது அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை. அதற்காக நாயைக் கோபித்து என்ன செய்ய? கேக்கை அதுவா கேட்டது?

பிறகு மகன் வேறு ஃபிளாட்டுக்கு மாறினான். அங்கே நாய்க்கு அனுமதி இல்லையாம். அந்த வாரம் நானும் விருத்தாசலத்திலிருந்து போயிருந்தேன்.

"சும்மா ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்மா" என்று என்னையும் நாயையும் காரில் ஏற்றினான். பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம், சூளையிலிருந்து வரும் சாமானைத் தட்டிப் பார்த்தவள் நான். கணீரென்றால் நல்லது, தொப்பென்றால் விரிசல். அவன் குரல் தொப்பென்றுதான் கேட்டது.

கார் நின்ற இடம் நாய்க் காப்பகம். ஒரு நாய் படுக்கும் கூண்டில் நாலு நாய். பாதிக்கு மேல் புசுபுசுவென்ற சாதி நாய்கள். எத்தனை பேர் மடியில் வைத்துப் போட்டோ எடுத்ததுகளோ.

பைப்பால் தரை கழுவிக்கொண்டிருந்த பெண், "வூட்டுல வளத்ததைச் சேக்கறதில்லைங்க. எடமே இல்ல. தெருவுல கெடந்தா மட்டுந்தான்" என்றாள்.

"தெருவுல கெடந்ததுதாங்க. எங்கம்மாதான் பாத்தாங்க" என்றான் மகன், கண் இமைக்காமல். படிவத்தை அவனே நிரப்பி என்னிடம் நீட்டினான். "கையெழுத்து மட்டும் போடும்மா."

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். ஆனால் படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. "தெ... ரு... வி... ல்..." என்று சத்தமாக ஆரம்பித்தேன். மகனுக்கு வேர்த்தது. எனக்கென்ன அவசரம்?

அதற்குள் அந்தப் பெண் குனிந்து நாயிடம் கையை நீட்டினாள். அது பதவிசாக உட்கார்ந்து முன்காலைத் தூக்கி அவள் கையில் வைத்தது.

"எந்தத் தெருவுங்க அது? நாய்ங்களுக்கு ஸ்கூலு இருக்குதா அங்க?"

"இருக்குதும்மா. எம்புள்ளயும் அங்கதான் படிச்சான். நாய்க்குத்தான் நல்லா ஏறியிருக்குது" என்றேன்.

படிவத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். "வுடுடா வண்டிய, விருத்தாசலத்துக்கு, நம்ம வூட்டுக்கு."

"அது ஏசியிலதாம்மா படுக்கும்."

"நீ மட்டும் ஏசியிலயா பொறந்த?"

இப்போது அது என் வீட்டுக் குழாயடி ஈரத்தில் படுத்துக்கொள்கிறது. மகன் வாரா வாரம் போன் செய்து, "என்னைத் தேடுதாம்மா?" என்கிறான்.

"எந்தக் காரு வந்தாலும் வாசலுக்கு ஓடுதுடா" என்கிறேன்.

அவன் குரலில் அப்படியொரு சந்தோஷம். அவன் கார்தான் இன்னும் வரவில்லை.