துணைக் கேள்வி

அம்மா பெண்ணாடத்தில் இருந்த ஒரு மாமா வீட்டுக்குப் போய், கோடை முடிந்தும் திரும்பவில்லை. ஏன் என்றோ எந்த ஊர் என்றோ அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. அப்பாவுக்கு நெல்லிக்குப்பத்தில் ஆலை வேலை, ஷிப்டு மாறி மாறி வரும். வீட்டில் என்னைத் தனியாக விட முடியாதென்று, எட்டாவதுக்குச் சிதம்பரத்தில் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டார். ஞாயிறுதோறும் பார்க்க வருவார். மற்றப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய அம்மாக்கள் தலை பின்னிவிடுவார்கள். நாங்கள் இருவரும் பேச ஒன்றுமில்லாமல் முறுக்கைத் தின்றுகொண்டிருப்போம்.

அந்த வருடம் பள்ளி விழாவில் மாதிரி நாடாளுமன்றம் நடத்தினார்கள். நான் எதிர்க்கட்சி உறுப்பினர். சமூக அறிவியல் டீச்சர் ஒத்திகையின்போது பழைய கதை சொன்னார். வெள்ளைக்காரர் காலத்துச் சபையில் முதலில் கேள்வியே கேட்க முடியாதாம். பிறகு கேட்கலாம் என்றார்களாம். ஆனால் வந்த பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட வேண்டும். அந்தப் பதிலின்மேல் இன்னொரு கேள்வி, அதாவது துணைக் கேள்வி, கேட்கும் உரிமை பல வருடம் போராடிய பிறகுதான் கிடைத்ததாம். இப்போது உறுப்பினர் கேட்டால் மந்திரி பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றார். எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

விழாவுக்கு அப்பா வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். கரும்பு விலை பற்றி நான் கேட்டேன். மந்திரியாக நடித்த பத்தாவது அக்கா பதில் சொன்னாள். விடாமல் துணைக் கேள்வியும் கேட்டேன். கைதட்டினார்கள்.

அந்தத் தைரியத்தில், ஹாஸ்டல் வாசலில் அப்பாவிடமும் கேட்டேன்.

"அம்மா எப்பப்பா வருவாங்க?"

"வருவாங்கம்மா."

"நீங்க போயி கூப்புட்டீங்களா?"

 அப்பா பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். மந்திரி பதில் சொல்லாமல் ஓடுகிறார் என்று எனக்குக் கோபம். மாடி ஜன்னலுக்கு ஓடினேன். ஹாஸ்டலுக்குப் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு. ஊருக்குப் போக அப்பா ஏற வேண்டிய கடலூர் பஸ் காலியாக நின்றிருந்தது. அப்பா அதைத் தாண்டிப்போய்ப் பெண்ணாடம் பஸ்ஸில் ஏறினார். நான் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாகத்தான் வந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது. அன்றைக்கு பஸ் மாறி ஏறிட்டீங்களே என்றேன். அவர் முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தார்.

"ஆமாம்மா, மாறி ஏறிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் போர்டைப் படித்துவிட்டு ஏறும்படி அவருக்குப் புத்தி சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.