சட்டையைத் தொட்ட விரல்

போன சனிக்கிழமை, பாலிகஞ்சில் ஒரு கிளினிக். ‘நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது’ என்று எனக்குக் கட்டளை. நான் சும்மா உட்காருகிற ஆளா? வாரா வாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாதா!

பரிசோதனை எனக்கில்லை, என் கணவருக்கு. கார்டன் ரீச்சில் கப்பல் கட்டுகிற இடத்தில் சூப்பர்வைசர். ஏணி ஏறி இறங்குவதுதான் வேலையே. உள்காதில் வந்த தொற்று சரியாகிவிட்டது. தலைசுற்றல்தான் முழுசாகப் போகவில்லை. டாக்டர் ‘ஃபிட்’ என்று எழுதினால் மறுபடி கப்பல். இல்லாவிட்டால் ஆபீஸ் மேஜை. மேஜை என்றாலே முகம் சுருங்கிவிடும் அவருக்கு. வீட்டுக்குள் கூண்டுப் புலியாக உலாத்துகிறார்... பார்த்துப் பார்த்து எனக்கும் தூக்கம் போயிற்று.

கண்ணை மூடுகிற அந்த வி.ஆர். கருவியை அவருக்கு மாட்டினார்கள். உள்ளே நீளமாக ஒரு தாழ்வாரம் தெரியுமாம். அதன் சுவர்கள் நகரும். அவர் நிற்கிற தரை நகராது. ஆடாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

சுவர் நகர்ந்ததும் மனிதர் மெல்லச் சாய்ந்தார். எப்போது எழுந்தேன், எப்போது அவர் முதுகுச் சட்டையில் ஒற்றை விரலை வைத்தேன் — தெரியாது. பிடிக்கக்கூட இல்லை, தொட்டேன். தூண் மாதிரி நின்றுவிட்டார்!

திரையையே பார்த்துக்கொண்டிருந்த பெங்காலி லேடி டாக்டர், “தாருண்!” — பிரமாதம்! — என்று பாராட்டினார். பிறகு திரும்பினார்.

“பௌதி! ஹாத் ஷொரான்!” — அண்ணி, கையை எடுங்கள்!

எடுத்தேன். சுவர் மறுபடி நகர்ந்தது. அவருடைய வலது கை தானாக மேலே போய்த் துழாவியது. மினிபஸ்ஸில் டிரைவர் பிரேக் போட்டால் தலைக்கு மேலே ஒரு கம்பியைப் பிடிப்போமே, அதைத் தேடி! அங்கே ஏது கம்பி? டாக்டர்தான் தாங்கிப் பிடித்தார்.

கால் ‘நிற்கிறோம்’ என்கிறது. கண் ‘நகர்கிறோம்’ என்கிறது. உடம்பு கண்ணை நம்பிவிடுகிறதாம். காது சரியாக இருந்தால் சட்டென்று சுதாரித்துக்கொள்ளுமாம். ஆனால் ஒரு விரல் பட்டால் போதும், எது நேர் என்று உடம்புக்குப் புரிந்துவிடும் என்றார் டாக்டர். ‘ஃபிட்’ எழுதவில்லை. தினமும் பயிற்சி செய்துவிட்டு அடுத்த மாதம் வரச் சொன்னார்.

வாசலுக்கு வந்ததும் கணவர் வெடித்தார். “அந்தம்மா மட்டும் திரும்பிப் பாக்காம இருந்தா, இந்நேரம் எழுதிக் குடுத்திருப்பாங்க!”

“குடுத்திருப்பாங்க. நீங்களும் ஏணியில ஏறியிருப்பீங்க. அங்க உங்க சட்டைய யாரு தொடுவா?”

விறுவிறுவென்று முன்னால் நடந்துவிட்டார். கோபமா, பயமா? இரண்டும்தான். எனக்கும்தான்.

இப்போது தினமும் ஹாலில் பயிற்சி நடக்கிறது. அவருக்கு, பிடிக்காமல் நிற்க. எனக்கு, தொடாமல் இருக்க.

அவர் பாஸாகிவிடுவார்... என் விஷயத்தில்தான் சந்தேகம்!