முட்டை சேராத சிவப்பு ஒயின்

என் அண்ணன் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தைப் பார்வையிடும் கண்ணோடுதான் ஒயின் ஆலைகளையும் தேர்ந்தெடுத்தார். கைப்பேசியில் ஒவ்வோர் ஆலையின் படத்தையும் பெரிதாக்கி, திராட்சைக் கொடிகளின் வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்தார். "இங்க பாரு, புல்லு வெட்டவே இல்ல. இவன் எப்படிடா நல்ல ஒயின் போடுவான்?" என்று முதல் ஆலையைத் தள்ளினார்.

அவர் மலேசியாவில் பெடாஸுக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் உதவி நிர்வாகி. அண்ணி அங்குள்ள தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. ஆஸ்திரேலியாவில், அடிலெய்டில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகன் எங்கள் மூவரையும் அழைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை மட்டும் அவனுக்கு ஓய்வு. அன்றைக்கு மூன்று ஆலைகளுக்குக் காரில் கூட்டிப்போக முடியும் என்றான். நல்ல சிவப்பு ஒயின் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. பன்னிரண்டு பெயர்களை எழுதிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் வசிக்கும் அம்பாங்கானிலிருந்து வழக்கம்போல் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன்.

ஞாயிறு மதியம் அண்ணன் ஒரு கிளாஸ் ஒயின் குடிப்பார். ஊற்றிக் கொடுப்பது அண்ணிதான். தனக்கு ஆரஞ்சுச் சாறு எடுத்துக்கொள்வார். அவருக்கு மது பிடிக்காது என்று நாங்களாகவே முடிவு செய்து வைத்திருந்தோம்.

பட்டியலை அண்ணி நிதானமாகப் படித்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. இதுல யாரு முட்ட போட மாட்டாங்க?"

"சைவச் சாப்பாடு கிடைக்கும் அண்ணி. கேட்டுட்டேன்."

"சாப்பாட்ட யாரு கேட்டா? ஒயின்ல."

மேசையிலிருந்த பாட்டிலைத் திருப்பி, பின்பக்க ஒட்டுத்தாளில் விரலை வைத்தார். முட்டையும் பாலும் பயன்படுத்தித் தயாரித்தது, சிறிதளவு எஞ்சியிருக்கலாம் என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. நாளிதழில் முப்பது ஆண்டு மெய்ப்புப் பார்த்தவன் நான். அதே ஒயினை வாராவாரம் அதே மேசையில் பார்த்தும் பின்பக்கத்தைப் படித்ததில்லை.

"எனக்கும் ஒரு தடவ குடிச்சுப் பாக்கணும்னு ஆசதான்," என்றார் அண்ணி. "ஒவ்வொரு பாட்டிலா எடுத்துப் பாப்பேன். முட்டைன்னு போட்டிருக்கும். வச்சிருவேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?" என்றார் அண்ணன்.

"நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா."

பிறகுதான் விசாரித்தேன். சிவப்பு ஒயினின் துவர்ப்பைக் குறைக்கச் சிலர் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலக்குகிறார்கள். அது துவர்ப்பைப் பிடித்துக்கொண்டு அடியில் படிந்துவிடும்; மேலே தெளிந்ததை இறுத்துக்கொள்வார்கள். சிலர் மீனிலிருந்து எடுத்த பசையைச் சேர்க்கிறார்கள், சிலர் பாலை. சிலர் எதுவும் சேர்க்காமல் காத்திருக்கிறார்கள். அண்ணி பிறந்ததிலிருந்து முட்டையையும் மீனையும் தொட்டதில்லை.

பன்னிரண்டு ஆலைகளுக்கும் மின்னஞ்சல் அனுப்பினேன். பெரும்பாலோர், தங்கள் ஒயின் வீகன் அல்லது வீகன் இல்லை என்று மட்டும் பதில் போட்டார்கள். வீகன் கணக்கில் பாலும் ஆகாது. அண்ணியின் கணக்கில் பால் ஆகும். ஆகவே மறுபடி எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. தங்கள் ஒயினில் பால் சேர்வதற்காக ஒருவர் மன்னிப்பே கேட்டிருந்தார். இதற்கு எதற்கு மன்னிப்பு என்று அண்ணிக்குப் புரியவில்லை.

"பால்தான? நாம சாமிக்கே ஊத்துறோம்."

பால் சேர்க்கும் அந்த ஆலை முதலாவதாக முடிவானது. எதுவும் சேர்க்காமல் காத்திருப்பவர்களின் ஆலை இரண்டாவது.

மூன்றாவதில்தான் சிக்கல். அண்ணன் ஆரம்பத்திலிருந்தே ஓர் ஆலையின் மேல் ஆசை வைத்திருந்தார். பட்டியலிலேயே சிவப்பு ஒயினுக்கு அதிகம் பேர் புகழ்ந்த இடம். வரிசைகளும் கயிறு பிடித்த மாதிரி இருந்தன. அவர்களிடமிருந்து வந்த பதிலில், தங்கள் வளாகத்திலேயே வளரும் கோழிகளின் முட்டையைத்தான் பயன்படுத்துவதாகப் பெருமையோடு எழுதி, கோழிகளின் படத்தையும் இணைத்திருந்தார்கள்.

அண்ணன் படத்தைப் பார்த்தார், பிறகு அண்ணியை. "நீ ஒரு அரை மணி நேரம் கார்ல உக்காந்துக்கயேன்."

"கார்ல உக்கார்றதுக்கு ஆஸ்திரேலியா வரைக்கும் போவணுமா? பெடாஸ்லயே உக்காந்துக்கறேன்." அண்ணி சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். அடுத்ததைச் சொல்லும்போது சிரிப்பு இல்லை. "நெசமாத்தான் சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க."

வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எண்ணெய் ஆலைக்குப் போனது. அண்ணன் என் பேனாவை வாங்கி, அடிக்கோலை வைத்து அந்தப் பெயரை அடித்தார். "நல்ல தோட்டம்," என்று மட்டும் சொன்னார். அதற்குப் பதிலாக முட்டை சேர்க்காத சின்ன ஆலை ஒன்றைக் காட்டினேன். அவர் முதலில் தள்ளிய, புல் வளர்ந்த இடம் அது.

"பரவால்ல. புல்ல வெட்டிக்கலாம்," என்றார், தானே போய் வெட்டப்போகிறவர் மாதிரி.

அடிலெய்டில், மகனுக்கு ஓய்வான அந்தச் சனிக்கிழமை முதலில் பால் சேர்க்கும் ஆலைக்குப் போனோம். ஊற்றிக் கொடுத்த பெண் உயரமான மேசையில் உலோகக் குவளை ஒன்றையும் வைத்தார். பல வகைகளை ருசிப்பவர்கள் விழுங்காமல் அதில் துப்பிவிடலாம் என்று விளக்கினார். அண்ணி கிளாஸை இரண்டு கைகளாலும் பிடித்து முகர்ந்தார். ஒரு வாய் குடித்து, வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்து விழுங்கினார். நாங்கள் மூவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"துவர்க்குது," என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா கடைசியில நல்லாருக்கு."

மகன் குவளையை நகர்த்தினான். "வேணாம்னா மிச்சத்த இதுல துப்பிரலாம்மா."

"பன்னண்டு பேருக்கு மெயில் போட்டு வந்தது துப்பறதுக்காடா?"

மிச்சத்தையும் குடித்துவிட்டு, காலிக் கிளாஸை அந்தப் பெண்ணின் பக்கம் நீட்டினார். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த வகையை ஊற்றினார். அண்ணன் அதற்குப் பிறகுதான் தன் கிளாஸைத் தொட்டார்.